முருங்கைக்கீரையும் எங்கள் வீட்டுக்காரரின் ரத்தமும்

காசிக்குப் போனால் பிடித்த பொருள் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். நான் கத்தரிக்காயை விட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கோபத்தை விடுவதாகச் சொல்லி, கங்கையில் மூன்று முழுக்குப் போட்டார். கரையேறியதும், ஈர வேட்டியை நான் சரியாகப் பிழியவில்லை என்று கத்தினார். ஆக, அவர் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். இடது கெண்டைக்காலில் ஒரு ரத்தக்கட்டி.

அதற்குக் காரணம் ரயிலில் கிடைத்த கீழ்ப் படுக்கை. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். இடத்தின் அருமை தெரிந்தவர். ஜன்னல் ஓரமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன். கால் மரத்துப் போவும்" என்றேன்.

"நான் எழுந்தா எவனாவது வந்து குந்திக்குவான்."

"தண்ணியாவது குடிங்க."

"குடிச்சா எழுந்து போவணும். போனா எவனாவது வந்து குந்திக்குவான்."

போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நான் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை குடும்பத்தின் கதையையும் கேட்டு முடித்தேன். அவர் சீட்டைக் காத்தார்.

ஊர் வந்து மூன்றாம் நாள் கால் வீங்கிச் சிவந்தது. அலைச்சல்தான் என்று நினைத்து, கோயில் திருநீற்றைப் பூசி, நல்லெண்ணெய் காய்ச்சி ஒரு தடவை உருவிவிட்டேன். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆட்டோ வைத்து டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கணும்மா. அசையாம இருந்தா சில பேருக்குக் கட்டிக்கும். இவருக்குக் கால் நரம்புல கட்டியிருக்கு. எண்ணெய் போட்டு உருவல இல்ல?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். அந்த ஒரு தடவை அண்ணாமலையாருக்கு மட்டும் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

"நல்லது. கட்டி கால்லயே இருந்தா மெல்ல மெல்லக் கரைஞ்சிடும். பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்: 'அண்ணாமலையாரே, இந்த மனுஷன் நல்லபடியா எழுந்து நடக்கணும். தினம் ஒரு கட்டு அகத்திக்கீரை பசுவுக்குக் கொடுக்கறேன். உடம்பு தேறினதும் ரெண்டு பேரும் சேர்ந்து உன் மலையைச் சுத்தி வர்றோம்.'

முதல் சில நாள் அவருக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு நெளிந்தது. பிறகு மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் வரும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும். கூடினால் ரத்தம் கட்டாமல் வழியும். நான் எட்டாவது வரை படித்தவள். கணக்கில் எனக்குக் கடைசிவரை புரிந்தது இந்த எண் ஒன்றுதான்.

மாத்திரையைப் பற்றி எல்லோரும் "ரத்தத்தை நீர்க்க வைக்கும்" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டை போடுகிறவள், புருஷன் ரத்தத்தில் தண்ணீர் கலந்தால் சும்மா இருப்பேனா? போதாததற்கு வாரா வாரம் ஒரு குழாய் ரத்தத்தை வேறு எடுத்துக்கொள்கிறார்கள். இருப்பதும் நீர்த்துப்போய், அதிலும் குறைந்தால் மனுஷனுக்கு என்ன மிஞ்சும்?

மலைக்குப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. முருங்கைக்கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்பது எங்கள் பக்கம் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் யோசிக்காமல் இறங்கவில்லை. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பசுவுக்கு வாங்கிய அகத்தியிலிருந்து ஒரு இலையைக்கூட வீட்டு அடுப்பில் ஏற்றவில்லை. அகத்தி மாட்டுக்கு, முருங்கை மனுஷனுக்கு. இவ்வளவு பக்குவம் தெரிந்த பெண்டாட்டி வேறு யாருக்கு வாய்த்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அண்ணாமலையார் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

முதல் வாரம் எண் ஒன்று புள்ளி ஐந்து வந்தது. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். எடுத்த ரத்தத்தை ஈடுகட்ட நான் கீரையைக் கூட்டினேன். அடுத்த வாரம் ஒன்று புள்ளி மூன்று. டாக்டர் மறுபடி கூட்டினார். நானும் கூட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "ஐயா, மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் சார்."

"போட்டா ஏறும் ஐயா. ஏறலையே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏனென்றால் சந்தேகம் எனக்கும் இருந்தது. முன்பு ஒரு முறை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரைகளைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்து வைத்த ஆள் அவர். மண்ணைக் கிளறும்போது ஏழு கிடைத்தன. அந்தச் செம்பருத்தி மட்டும் எந்தப் படபடப்பும் இல்லாமல் நன்றாகப் பூத்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தனை தொட்டிகளையும் கிளறினேன். ஒன்றும் இல்லை. சட்டைப் பையைத் துழாவினேன். தலையணை உறையை உதறினேன். மறுநாளிலிருந்து மாத்திரையை நானே எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, தீர்த்தம் கொடுப்பதுபோல் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னாம்மா இது, மாத்திரைக்குக்கூட நைவேத்தியமா?"

"போட்டுக்குங்க. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

"நான் இன்னா குதிரையா? பல்லைப் புடிச்சிப் பார்க்கற?"

"குதிரையா இருந்தா நடந்திருக்கும். இப்படி சீட்டுல ஒட்டிக்கினு வந்திருக்காது."

மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி இரண்டு. டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு நாள்ல மறுபடி பாருங்க. அப்பவும் ஏறலன்னா அட்மிட் ஆகணும். இந்த நிலைமையில கட்டி பெருசாச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

அன்று வீடு திரும்பியதும் அவர் கத்தவில்லை. காபியில் சர்க்கரை கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தாத மனுஷனைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

"நீயும் என்னை நம்பல இல்ல?" என்றார். "அண்ணாமலையார் மேல ஆணையா சொல்றேன். ஒரு வேளைகூட விடாம போட்டுக்கினுதான் இருக்கேன். அப்புறமும் ஏறலன்னா, என் உடம்பு எந்த மருந்துக்கும் கேக்காத உடம்பாப் போச்சுன்னு அர்த்தம். பொண்ணுக்குப் போன் போட்டு வரச் சொல்லிடு."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அழுதுகொண்டே முருங்கைக்கீரை உருவினேன்.

நான்காம் நாள் ரத்தம் கொடுக்கப் போனோம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு சின்ன லேப். அங்கே ரத்தம் எடுக்கிற பொண்ணு எங்கள் மகளைவிடச் சின்னவள். கையில் ஊசி போவதே தெரியாது. நீல மூடி போட்ட கண்ணாடிக் குழாயை அவள் எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சமா எடும்மா. நான் வாரம் பூரா ஊற வெச்சது."

அவள் சிரித்தாள். "அளவாதாம்மா எடுப்பேன், இந்தக் கோடு வரைக்கும். எப்படி ஊற வெச்சீங்க?"

கேட்டால் போதாதா எனக்கு? "திங்கக்கிழமை முருங்கைக்கீரைப் பொரியல். செவ்வாக்கிழமை சாம்பார். புதன் அடையில போட்டேன். வியாழன் சூப்பு. வெள்ளிக்கிழமை பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. நேத்து முட்டையில—" சனிக்கிழமை முட்டை வாங்கியது வெளியே வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். புரட்டாசி மாதம் இல்லை என்றாலும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை வழக்கமில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று செய்தேன்.

அந்தப் பொண்ணுக்கு முட்டையைப் பற்றிக் கவலையே இல்லை. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தினமுமா?"

"தினமும்தான். டாக்டர் மாத்திரையைக் கூட்டக் கூட்ட நானும் கூட்டறேன்."

"ஐயோ அம்மா" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கீரையாலதாம்மா எண்ணு ஏறல!"

என் வீட்டுக்காரர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மாதமாகக் குனிந்திருந்த தலை அது.

"விவரமா சொல்லும்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. முழுசா சொல்லு."

அவள் பஞ்சை அவர் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணியா ஆக்காதும்மா. கட்டறதைத் தாமதமாக்கும், அவ்ளோதான். இப்ப ஐயாவுக்கு ஊசி குத்தின எடத்துல இன்னா நடக்குது? மொதல்ல ரத்தக்குழாய் தானா சுருங்கும். அப்புறம் தட்டணுக்கள்னு குட்டிக் குட்டி அணுக்கள் ஓடி வந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு ஓட்டையை அடைக்கும்."

"ரோட்டுல ஆட்டோ மோதினா கூட்டம் சேர்ற மாதிரியா?" என்றேன்.

"அதேதாம்மா. ஆனா கூட்டம் ரொம்ப நேரம் நிக்காது இல்ல? ஒரு தள்ளு தள்ளினா கலைஞ்சிடும். அதை இறுக்கிக் கட்ட நூல் வேணும். ரத்தத்துல சில புரதங்கள் சும்மா மெதந்துக்கினு இருக்கும். அடிபட்டதும் ஒண்ணு முழிச்சுக்கும். அது அடுத்ததை எழுப்பும், அது இன்னொண்ணை எழுப்பும். கடைசியில ஒண்ணு நூல் நூலாப் பிரிஞ்சு வலை மாதிரி பின்னிக்கும். அந்த வலையில ரத்த அணுவெல்லாம் மாட்டி கெட்டியாயிடும். அதுதான் நாம பார்க்கற கட்டு."

எனக்குக் கார்த்திகை ஞாபகம் வந்தது. ஒரு அகலை ஏற்றி, அதிலிருந்து அடுத்ததை ஏற்றி, வரிசையாக வாசல் முழுக்க ஏற்றிக்கொண்டே போவோம். நடுவில் ஒன்றில் எண்ணெய் இல்லாவிட்டால் கை அங்கேயே நின்றுவிடும். என் உடம்புக்குள்ளும், என்னோடு சண்டை போடும் இந்த மனுஷன் உடம்புக்குள்ளும், ஒரு முள் குத்தினால்கூட இப்படி ஒருத்தன் வரிசையாக விளக்கேற்றிக்கொண்டே போகிறான். எட்டாவது படித்த எனக்கு இது இத்தனை வயதுவரை தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாத, இன்னும் கீரைக்கு வரல" என்றார் அவர்.

"வர்றேன் ஐயா. அந்தப் புரதத்துல நாலஞ்சை ஈரல் தயாரிக்கும். அதுக்கு வைட்டமின் கே வேணும். மாத்திரை அந்த வைட்டமினை வேலை செய்ய விடாம தடுக்கும். அப்ப கட்டறது தாமதமாவும். ஆனா அந்த வைட்டமின் எதுல ஜாஸ்தின்னா, பச்சைக் கீரையில. அதுலயும் முருங்கைக்கீரையில கேக்கவே வேணாம்."

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதாவது, டாக்டர் முன்வாசலைப் பூட்டறாரு. இவ பின்வாசல்ல கூடை கூடையா கொண்டாந்து எறக்கறா."

"மாத்திரை கொடுக்கும்போது ஒரு தாள் கொடுத்திருப்பாங்களே அம்மா? பச்சைக் கலர்ல?"

கொடுத்தார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் ஞாபகம் இருந்தது. அதனால்தான் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியைத் திறந்தேன். கோயிலில் கொடுத்த திருநீற்றை அந்தப் பச்சைத் தாளில்தான் மடித்து வைத்திருந்தேன். நல்ல வழவழப்பான தாள். தினமும் காலையில் அதைப் பிரித்து, 'இவரைக் காப்பாத்துப்பா' என்று சொல்லி அவர் காலில் பூசி, மறுபடி மடித்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலெல்லாம் திருநீறு கொட்ட, உரக்கப் படித்தார். கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, தினமும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் தமிழிலேயே போட்டிருந்தது.

"கேட்டதுக்கு சாமி பதிலை எழுதிக் கைல கொடுத்திருக்கு" என்றார் அவர். "நீ அதுல விபூதி கட்டி வெச்சிருக்க."

காசியில் கத்தரிக்காய்க்குப் பதில் கீரையை விட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

மாலையில் டாக்டரிடம் போனோம். எண் ஒன்று புள்ளி இரண்டிலேயே நின்றிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும் முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவர் ஒரு மாத்திரைகூட விடல. தப்பு என் மேல. நான்தான் முருங்கைக்கீரை போட்டுப் போட்டு அதை முறிச்சுட்டேன். நானும் அவரைச் சந்தேகப்பட்டுட்டேன் சார்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "உடனே மொத்தமா நிறுத்திடாதீங்கம்மா. நான் மாத்திரையை ஏகப்பட்டது கூட்டி வெச்சிருக்கேன். திடீர்னு கீரை நின்னா எண்ணு எகிறிடும், ரத்தம் நிக்காது. தினம் ஒரே ஒரு கரண்டி. ஒரே அளவு. மாத்திரையை நான் பார்த்து மாத்தறேன். எண்ணு ஏறற வரைக்கும் வயித்துல ஊசி போட்டுக்கலாம். அட்மிட் வேணாம், வந்துட்டுப் போங்க" என்றார்.

ஊசி என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஜெயித்த களை போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு ஊசியிலும் அவர் வட்டி எடுத்தார். நர்ஸ் ஊசியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பொரியலுக்கு" என்பார். மறுநாள், "இது சாம்பாருக்கு." அதற்கு அடுத்த நாள், "இது அடைக்கு." வியாழக்கிழமை சூப்புக்கான ஊசி போட்டபோது நர்ஸே சிரித்துவிட்டார். நான் வளையல் நெளிய நெளியக் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் எண் இரண்டைத் தாண்டியது. அதற்கடுத்து இரண்டு புள்ளி மூன்று. பிறகு இரண்டு புள்ளி ஐந்து. லேப் பொண்ணு போனில் சொன்னபோது நான் போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இப்போது வீட்டில் ஒரு குழிக்கரண்டி கீரைக்கென்றே தனியாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு இலை விழுந்தாலும் அவர் எடுத்துத் தட்டோரம் வைத்து, சாட்சி வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்ப்பார். மரத்தில் மிச்சமிருக்கும் முருங்கையும் அகத்தியோடு சேர்ந்து பசுவுக்குப் போகிறது.

வேண்டுதலை நிறைவேற்ற டாக்டர் சம்மதித்தார். பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம், சாதாரண நாளில் போங்கள், வெறுங்காலோடு போகக் கூடாது என்றார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் வெறுங்காலில், கண்ணை மூடிக்கொண்டு மலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எங்கள் வீட்டுக்காரர் சாக்ஸ், ஷூ சகிதமாக நடந்தார். என் மானமே போயிற்று. போகட்டும், மனுஷன் நடக்கிறாரே.

வழியில் வரும் எட்டு லிங்கங்களையும் ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டே போனோம். அடி அண்ணாமலை என்ற ஊரைத் தாண்டி ஒரு பசு நின்றிருந்தது. "இன்னைக்கு நான் கொடுக்கறேன்" என்று அகத்திக் கட்டை வாங்கியவர், அதைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஒயரை வெடுக்கென்று இழுத்தார். விரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் குபுக்கென்று வந்தது.

இரண்டு பேரும் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டோம். சுத்தமான கைக்குட்டையை வைத்து நான் அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிஷம் எடுக்காமல் அழுத்த வேண்டும் என்று லேப் பொண்ணு சொல்லியிருந்தாள்.

"நின்னுடுச்சா? தொறந்து பாரேன்."

"பார்க்கக் கூடாது. கூட்டம் இப்பதான் சேர்ந்திருக்கும். நூல் வர வேணாமா?"

கடிகாரம் இல்லை. 'நமசிவாய' என்று எண்ண ஆரம்பித்தேன். அவரும் கூடவே எண்ணினார். குனிந்து, விரலையே பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் வாய்விட்டு ஜபித்ததைப் பார்த்து ஒரு அம்மா நின்றார்கள். பிறகு நாலு பேர் நின்றார்கள். ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

"இது எந்த லிங்கம்ங்க?" என்றார்கள் அந்த அம்மா, மெதுவாக.

"லிங்கம் இல்லம்மா. விரல்ல ரத்தம்" என்றேன்.

உடனே ஒருத்தர் காபித்தூள் வைக்கச் சொன்னார். இன்னொருவர் மஞ்சள்தூள் என்றார். அந்த அம்மா இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, "இதை வெச்சு அமுக்குங்க, உடனே நிக்கும்" என்றார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் நான் மூன்றையும் கலந்து அப்பியிருப்பேன். இப்போது அந்தத் திருநீற்றை வாங்கி அவர் நெற்றியில் பூசினேன். பொட்டலத்தின் தாளில் மட்டும், அவர் அன்று சொன்னது ஞாபகம் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வெறும் காலண்டர் தாள்தான்.

நூற்றியெட்டைத் தாண்டி இன்னும் எத்தனையோ எண்ணிவிட்டு, கைக்குட்டையை மெல்ல விலக்கினேன். சிவப்பாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தோம். கோடு கோடாகவே இருந்தது. வழியவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் அவர்.

"லேட்டா நின்னுது, ஆனா நின்னுது" என்றேன். "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

நின்றிருந்த அத்தனை பேரும் என்ன புரிந்ததோ, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நாங்களும் கும்பிட்டோம். திரும்பிப் பார்த்தால், யாரும் கொடுக்காமலேயே பசு ஒரு கட்டு அகத்தியையும் தின்று முடித்து, நான் பையில் கொண்டுவந்த முருங்கையில் வாயை வைத்திருந்தது.

"விடு" என்றார் அவர், ஷூ நாடாவைச் சரிசெய்து எழுந்துகொண்டே. "அதுக்கு மாத்திரை ஒண்ணும் இல்ல."